காதல் நாவல் எழுதுபவர் இலக்கியத் திருட்டில் பிடிபட்டால், அதன்பின் அவருக்கு மீட்சி உண்டா?

உண்டு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த மீட்சியை வாசகர்களோ பதிப்பகமோ மட்டும் வழங்கிவிட முடியாது. எவருடைய வாக்கியங்கள் எடுக்கப்பட்டனவோ, அவரிடத்தில்தான் அது தொடங்க வேண்டும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் ஜேனட் டெய்லி, சக எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸின் நாவல்களிலிருந்து எடுத்து எழுதியதாக, காதல் நாவல் வாசகர்கள் இன்றும் மறக்காத விவகாரத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

காதல் நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஹார்லெக்வின் பதிப்பகம் 1970-களில் வெளியிட்ட முதல் அமெரிக்க எழுத்தாளர் டெய்லி. அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் களமாகக் கொண்டு, மாநிலத்துக்கு ஒன்றாவது எழுதிவிட்ட உழைப்பாளி அவர். நோரா ராபர்ட்ஸ் தம் தொடக்க காலப் படைப்புகளை அதே நிறுவனத்துக்கு அனுப்பியபோது, தங்களிடம் ஏற்கெனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார் என்ற பதிலே வந்ததாக ராபர்ட்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். 1981-இல் சில்ஹூட் என்ற போட்டி நிறுவனத்தின் வழியாகத்தான் ராபர்ட்ஸின் முதல் நாவல் வெளிவந்தது. எவர் முன்னரே இருந்ததால் தமக்கு இடம் மறுக்கப்பட்டதோ, அவரே பிற்காலத்தில் தம் பக்கங்களிலிருந்து எடுத்து எழுதியதைக் காண நேர்ந்தது எவ்வளவு கசப்பானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இருவருடைய நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்த ஒரு வாசகர், ஒத்திருந்த பகுதிகளைப் அருகருகே வைத்துக் காட்டியதால்தான் இது வெளியே வந்தது. 1997 ஜூலையில் டெய்லி ஒப்புக்கொண்டார். கணவரின் நோயும் சகோதரர்களின் மரணமும் தந்த அழுத்தத்தையும், தாம் சிகிச்சை பெற்றுவரும் ஒரு மனநலப் பாதிப்பையும் காரணமாகச் சொன்னார். அவருடைய இரண்டு நாவல்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. ராபர்ட்ஸ் தொடுத்த வழக்கு 1998-இல் சமரசத்தில் முடிந்தது. கிடைத்த தொகையை அவர் எழுத்தறிவுப் பணிக்குக் கொடுத்துவிட்டார். பணத்துக்காக வழக்குத் தொடுத்தார் என்று எவரும் சொல்ல இடமில்லை.

‘காதல் நாவல் எல்லாமே ஒரே கதைதானே, இதில் திருட என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இருவர் சந்திப்பதும், பிணங்குவதும், இறுதியில் இணைவதும் ராகத்தைப் போல எல்லோருக்கும் பொதுவானவை. அந்தப் பொதுவான வழித்தடத்துக்குள் ஒரு சண்டையை எந்தச் சொல்லில் தொடங்குவது, எந்த இடத்தில் அவள் பேச்சை நிறுத்துவது, அந்த மௌனத்தை அவன் எப்படிப் புரிந்துகொள்வது என்பவை மட்டுமே எழுத்தாளருடைய சொந்தச் சொத்து. கதைப்போக்கு பொதுவாக இருப்பதனாலேயே இங்கே வாக்கியத் திருட்டு மற்ற இலக்கிய வகைகளைக் காட்டிலும் கொடியதாகிறது என்று நான் நினைக்கிறேன்.

மீட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த நாவல்களே நமக்கு அளவுகோல் தருகின்றன. தவறிழைத்த நாயகன் கடைசி அத்தியாயங்களில் தன் துன்பங்களை மட்டும் அடுக்கினால் எந்த வாசகியும் அவனை ஏற்பதில்லை. தான் செய்தது இன்னது என்று, பாதிக்கப்பட்டவளின் முகத்துக்கு நேரே, மன்னிப்புக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையிலும் அவன் சொல்லியாக வேண்டும். டெய்லி சொன்ன துயரங்கள் பொய்யென்று நான் கருதவில்லை, அவருக்காக இரங்கவும் செய்கிறேன். ஆனால் அவை ஒரு விளக்கமாகுமே தவிர, ஈடாகா. 2008-இல் காஸி எட்வர்ட்ஸ் என்ற மற்றொரு காதல் நாவலாசிரியரின் நாவல்களில் பிற நூல்களின் பகுதிகள் இருப்பது கண்டறியப்பட்டபோது, ஆதாரங்களைக் குறிப்பிட வேண்டும் என்பதே தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அந்தப் பதிலோடு ஒப்பிட்டால் டெய்லியின் ஒப்புதல் எத்தனையோ மேல்.

டெய்லி 2000-களின் தொடக்கத்தில் வேறொரு பதிப்பகத்தின் வழியே மீண்டும் வந்தார், 2013-இல் மறைந்தார். அவர் மீண்டும் எழுதியதை நான் தவறாகக் கருதவில்லை. பிழைப்பை நிரந்தரமாகப் பறிப்பது தண்டனையின் அளவை மீறியது. ஆனால் அப்படித் திரும்பிவரும் எவரும், எடுத்தவை எந்தப் பகுதிகள், அவை யாருடையவை என்பதைத் தாமே பட்டியலிட்டு வெளியிட வேண்டும், அந்த நூல்களின் வருவாயை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவ்வளவும் செய்த பிறகும் மன்னிக்க மறுக்கும் உரிமை பாதிக்கப்பட்ட எழுத்தாளருக்கு உண்டு. அந்த மறுப்பைக் குறை சொல்லும் உரிமை வாசகர்களாகிய நமக்கு இல்லை.