“குதிரை குடு!”: சதுரங்கக் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. செஸ் வகுப்பு முடிந்ததும் நான்கு பிள்ளைகள் சேர்ந்து பக்ஹவுஸ் ஆடுகிறார்கள். ஒரே கூச்சல். ஆட்டம் கெட்டுவிடும் என்கிறார் பயிற்சியாளர். தடுக்கலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் பயிற்சியாளர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

இரண்டு பலகை, இரண்டு ஜோடி. பக்கத்துப் பலகையில் கூட்டாளி வெட்டும் காய் நம் கைக்கு வரும். நம் முறையில் அதைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். கூச்சல் அதனால்தான். “குதிரை குடு, ஒரே ஒரு குதிரை, மேட்!” என்று நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கூட்டாளி தன் ராணியைப் பறிகொடுத்து ஒரு குதிரையை வெட்டி நீட்டினார். அதை வாங்கித் திரும்பினால், என் கடிகாரத்தில் நேரம் முடிந்திருந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

என்னிடம் படிக்கும் பையன் ஒருவன், பக்ஹவுஸ் ஆடிய மறுநாள் சாதாரண ஆட்டத்திலும் ராஜாவை ஒட்டி நிற்கும் எஃப்7 சிப்பாய்க்கு மந்திரியைக் கொடுத்துவிடுவான். பக்ஹவுஸில் எதிராளியின் ராஜாவை வெளியே இழுத்தால் போதும், காய் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே யார் தருவார்கள்? போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த வாரத்துக்கு ‘செஸ் 960’ ஆடட்டும். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-ல் புவெனஸ் ஐரிஸில் அறிவித்த ஆட்டம். பின்வரிசையைக் கலைத்து வைப்பதால் மனப்பாடம் செய்த தொடக்க நகர்த்தல்கள் (ஓப்பனிங்) எடுபடாது, முதல் நகர்த்தலிலேயே யோசிக்க வேண்டும். லூடோ பகடை ஒன்று போதும். வெள்ளைக் கட்டம் நான்கில் ஒன்றுக்கு ஓர் உருட்டு, கறுப்பு நான்கில் ஒன்றுக்கு ஓர் உருட்டு: மந்திரிகள் நின்றாயிற்று. 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். மிச்சம் ஆறு கட்டம், ராணிக்கு ஓர் உருட்டு. பாக்கி ஐந்தில் குதிரைகளுக்கு இரண்டு உருட்டு. கடைசி மூன்றில் யானை, ராஜா, யானை. எதிரே கறுப்புக்கும் அதே வரிசை. 4×4×6×10, மொத்தம் 960.

பிள்ளைகள் தடுமாறுவது காஸ்லிங்கில், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவதில். ராஜாவும் யானையும் எங்கிருந்து கிளம்பினாலும், வழக்கமாகப் போய் நிற்கும் கட்டத்தில்தான் நிற்க வேண்டும். பயிற்சியாளர் முகம் சுளித்தால், 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் பிரக்ஞானந்தா, முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனை வென்றது இந்த ஆட்டத்தில்தான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: சிப்பாய்க்கு முதல் தடவையும் ஒரு கட்டம்தான் என்கிறார் தாத்தா. ராஜா ஒருமுறை குதிரை மாதிரித் தாவுமாம். ஏமாற்றுகிறாரா?
– பள்ளி மாணவர், தேனி

பதில்: தாத்தாவைச் சந்தேகப்படாதே தம்பி. அது நம் நாட்டுப் பழைய முறை. காஸ்லிங் கிடையாது, செக் வாங்காத ராஜாவுக்கு ஒரே ஒரு குதிரைத் தாவல் உண்டு. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இந்த முறையில் ஆடிப் பழகியவர்தான். இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

சிப்பாய்கள் ஊர்ந்து வருவதால் ஆட்டம் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும். ராணியை அவசரப்பட்டு வெளியே எடுக்காதே. அப்புறம், உட்காரும் முன்பே ஒன்று கேட்டுக்கொள்: கடைசிக் கட்டம் தொட்ட சிப்பாய் என்னவாக மாறும்? சில வீடுகளில் ராணி, சில வீடுகளில் அந்த நேர்க்கோட்டில் முதலில் நின்ற காய். நான் பார்த்தவரை சண்டை வருவது இதில்தான்.