ஆண் ஒன்றுகூட இல்லாத வடக்கு வெள்ளைக் காண்டாமிருக இனத்தைக் கருமாற்றம் (ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை வேறொரு தாயின் கருப்பையில் வைப்பது) மூலம் மீட்க முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அவகாசம் குறைவு. கென்யாவின் ஓல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகத்தில் மிஞ்சியிருப்பவை நஜினும் அதன் மகள் ஃபத்துவும்தான். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. தாய், மகள் இரண்டாலும் கருவைச் சுமக்க முடியாது.

அதனால் ஃபத்துவை மயக்கத்தில் ஆழ்த்தி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஆசனவாய் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்திக் கருமுட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். உடனே அவை விமானத்தில் இத்தாலிக்குப் போகின்றன. அங்கே இறந்துபோன ஆண்களின் உறைவிந்தைக் கொண்டு கருவாக்கித் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். சுமக்கவேண்டியது தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம்.

2023-இல் தெற்கு இனத்தின் கருவையே வைத்துச் சோதித்தபோது கர்ப்பம் தரித்தது. அந்த வாடகைத்தாய் பாக்டீரியா தொற்றில் இறந்தது பெரிய இழப்பு, உள்ளே 6.4 சென்டிமீட்டர் நீள ஆண் கரு நன்றாக வளர்ந்திருந்தது. என் கவலை வேறு: உருவான வடக்கு இனக் கருக்கள் எல்லாமே ஃபத்து ஒன்றின் முட்டைகளிலிருந்து வந்தவை. மரபு வேறுபாட்டுக்காக, உறையவைத்த தோல் செல்களிலிருந்து முட்டை உருவாக்கும் ஆய்வும் நடக்கிறது.