சாவியில்லாமல் பூட்டைத் திறக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாவியின்றிப் பூட்டைத் திறக்கும் வித்தையைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறேன். காணொளிகளில் காட்டியபடி இரண்டு கம்பிகளை வளைத்து, வீட்டில் கிடந்த பழைய திண்டுக்கல் பூட்டில் முயன்றேன். அது அசைந்துகொடுக்கவே இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: குறை உங்கள் கையில் இல்லை, பூட்டின் இனத்தில் இருக்கிறது. அத்தகைய காணொளிகளில் பெரும்பாலானவை, உள்ளே ‘பின்’ (pin) எனப்படும் சிறு உலோகக் குச்சிகளைக் கொண்ட பின் பூட்டுக்கானவை. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டோ பொதுவாக லீவர் இனத்தைச் சேர்ந்தது. அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு, கூடவும் குறையவும் இல்லாமல், எழும்பினால்தான் பூட்டு விடுபடும். புதிதாகக் கற்பவர் கை வைக்க வேண்டிய பூட்டு அதுவல்ல. பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் விலை மலிவான சிறிய பித்தளைப் பின் பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சாவியைத் திருப்பும்போது, சாவித் துளை அமைந்திருக்கும் வட்ட உருளையும் சேர்ந்து சுழன்றால் அது பெரும்பாலும் நீங்கள் தேடும் இனம்தான்.

இந்தப் பூட்டின் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்றார். உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள உடலுக்கும் குறுக்கே, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில், சிறு பின்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. உரிய சாவி நுழைந்ததும் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடுவதால் உருளை திரும்புகிறது. பின்களுக்கான துளைகள் இம்மியும் பிசகாமல் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருந்தால், கம்பியால் திறக்கும் வித்தை பலிக்காது. எந்தத் தொழிற்சாலையிலும் அவ்வளவு துல்லியமாகத் துளையிட முடிவதில்லை; ஆகவே உருளையை லேசாகத் திருப்பிப் பிடிக்கும்போது எல்லாப் பின்களும் ஒருசேர இறுகாமல், ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகிக்கொள்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதே முழு வித்தையும்.

ஆங்கில எல் எழுத்தைப் போல வளைந்த தட்டைக் கம்பியைச் சாவித் துளையின் ஓரத்தில் செருகி, விரல் நுனியால் மட்டும் அழுத்தம் கொடுங்கள். நுனி வளைந்த மற்றொரு கம்பியால் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை ஸ்பிரிங்கால் துள்ளும், இறுகிய பின் மட்டும் விறைத்து நிற்கும். அதை மெல்லத் தள்ளினால், காதுக்குக் கேட்பதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும் ஒரு சிறு சொடுக்குடன் உருளை மயிரிழை அளவு நகரும். பிறகு அடுத்து இறுகும் பின்னைத் தேட வேண்டும். அவசரப்பட்டு முதற்கம்பியை அழுத்தினால் பின்கள் பலவும் ஒன்றாக இறுகிவிடும், எதையும் உணர முடியாது. நான் பார்த்தவரை, தோற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். ஒரு பின்னை அளவுக்கு மேல் தள்ளிவிட்டால், பிடியைத் தளர்த்தி எல்லாவற்றையும் கீழே விழவிட்டு, முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.

பயன்பாட்டில் உள்ள பூட்டில், குறிப்பாக வீட்டு வாசற்கதவில், பயிற்சி செய்யாதீர்கள். கம்பி உள்ளே முறிந்தால் சாவியும் நுழையாது. பிறர் பூட்டை அவர்கள் அனுமதியில்லாமல் தொடுவதைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? அப்படித் திறந்து ஒரு வீட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம்.

கேள்வி: யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று உண்டா?
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: இருப்பதாக லண்டனில் நெடுங்காலம் நம்பினார்கள். பிராமா என்னும் நிறுவனம் தன் பூட்டைக் கடைச் சன்னலில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி (அக்காலத்து ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று அறிவித்திருந்தது. 1851-ஆம் ஆண்டு மாபெரும் கண்காட்சிக்காக வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாட்களில் மொத்தம் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். தகட்டை மிகையாக உயர்த்தினால் தானே முடங்கிக் காட்டிக்கொடுக்கும் சப் (Chubb) என்னும் நிறுவனத்தின் லீவர் பூட்டையும் அதே ஆண்டில் அவர் திறந்திருந்தார். ஆயினும் 51 மணி நேரம் ஒரு கதவின் முன் உட்கார எந்தத் திருடனுக்கும் வாய்ப்பதில்லை. பூட்டு வாங்கும்போது உறுதியான கொண்டியையும் நாதாங்கியையும் பாருங்கள். கம்பியால் திறப்பவனைவிடக் கடப்பாரையால் நெம்புகிறவனே அதிகம்.

கேள்வி: கடலோரத்தில் வசிக்கிறோம். பூட்டுகள் அடிக்கடி இறுகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் விடலாமா?
(வாசகர், காசிமேடு)

பதில்: வேண்டாம். அது நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பவை இரும்புக் கொண்டியும் உள்ளிருக்கும் இரும்பு உறுப்புகளும்தான். பித்தளைப் பின் பூட்டானால், சாவியில் பென்சில் கரித்தூளைத் தடவிச் சில முறை நுழைத்து எடுங்கள். துரு ஏறிய லீவர் பூட்டுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, சாவியைப் பலம் கொண்டு முறுக்காமல் இருபுறமும் சற்றே ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இளகாவிட்டால், சாவி உள்ளே முறிவதற்கு முன்பாகத் தெருமுனைச் சாவிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.