சித்தூரில் படித்த பெண்ணுக்கு வேலூரில் சீட்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் குடியாத்தம். கணவருக்குச் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை என்பதால் பத்து வருடமாக இங்கேதான் இருக்கிறோம். மகள் இன்டர் இரண்டாம் வருடம், அதாவது நம் பிளஸ் டூ. இன்ஜினீயரிங்கை வேலூர்ப் பக்கம் படிக்க ஆசைப்படுகிறாள். அமெரிக்காவில் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் உள்ளூர்க் கட்டணம் உண்டு என்கிறான் மின்னசோட்டாவில் இருக்கும் என் தம்பி. நமக்கு அப்படி எதுவும் கிடையாதா?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: தம்பி சொல்வது சரிதான் அம்மா. மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் அப்படி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. நீங்கள் குடியாத்தத்துக்காரர்கள், அதைத் தாளில் காட்டினால் போதும்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளையிடம் தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் நேட்டிவிட்டி, அதாவது பிறப்பிடச் சான்றிதழ், கேட்க மாட்டார்கள். அதில் ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் கேட்பார்கள். உங்கள் பெண் ஐந்தையும் அங்கே படித்திருக்கிறாள். அதனால் பிறப்பிடச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். இருப்பிடச் சான்று வேறு, இது வேறு. அது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு, இது சொந்த ஊர் எது என்பதற்கு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் அட்மிஷன் பார்த்தவன் நான். 2018-இல் என் தங்கை மகளுக்கே இது நடந்தது. அவர்கள் ஆற்காட்டுக்காரர்கள், ஆந்திராவில் பலமநேரில் கடை வைத்திருந்தார்கள். தாத்தா வீட்டு முகவரியில் சான்றிதழ் எடுத்தாயிற்று என்றாள் தங்கை. சரிபார்ப்புக்கு நானும் கூடப் போனேன். மேஜையில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இது இருப்பிடச் சான்று சார், பிறப்பிடச் சான்று எங்கே?" என்றார். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். சரியான சான்று கைக்கு வருவதற்குள் அவளுடைய கவுன்சலிங் சுற்று போய்விட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில்தான் சேர்த்தோம். கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்த கணக்குப்படி தனியார் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு வருடம் 50,000, நிர்வாக சீட்டுக்கு 85,000. நான்கு வருடத்துக்கு என்ன ஆகும், கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளை முன்னமே வாங்கி ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் பரீட்சை முடிந்த வாரமே குடியாத்தம் போங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே "நேட்டிவிட்டி" என்று வாய்விட்டுச் சொல்லி, திரையிலும் பார்த்துவிடுங்கள். மகளின் பிறப்புச் சான்று, அவள் படித்த சான்றிதழ்கள், கணவரின் பள்ளி டி.சி., மாமனார் பெயரில் வீட்டுப் பட்டா இருந்தால் அதன் நகல், எல்லாம் கையில் இருக்கட்டும். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து தாசில்தார் ஆபீஸுக்குப் போகும். வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகும்போது, உங்கள் குடும்பத்தைத் தெரிந்த தெருப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

சாதிச் சான்றையும் கையோடு குடியாத்தத்திலேயே வாங்கிவிடுங்கள். சித்தூர் எம்.ஆர்.ஓ. (அந்த ஊர் தாசில்தார்) ஆபீஸில் கொடுத்தது தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்கு எடுபடாது. வி.ஐ.டி. மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே கட்டணம் நுழைவுத் தேர்வு ரேங்கை வைத்து. மாநிலத்தை வைத்து அல்ல.

இன்னொன்று, ஆந்திராவின் நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். அங்கேயே படித்து வந்ததால் அவள் அங்கே உள்ளூர் மாணவி. 85 சதவீத இடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான்.

கணவரின் டி.சி. தொலைந்துவிட்டதென்றால் பயப்பட வேண்டாம். அவர் படித்த பள்ளிக்குப் போய் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நிரந்தரப் பதிவேடு, கழித்துவிட மாட்டார்கள். அவர் சேர்ந்த வருடத்தை மட்டும் நினைவுபடுத்திக்கொண்டு போகட்டும்.