வீட்டுப் பின்புறக் குளத்தை மாதாமாதம் கழுவியும் நாலே நாளில் பச்சையாகிவிடுகிறது. குளத்தையும் ஃபில்டரையும் எப்படித்தான் சுத்தம் செய்வது?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: மதுரையில் வீடு. கொல்லையில் 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் தரைக்குள் இறக்கிய சிமெண்ட் குளம். ஆறு கோய் மீன், இரண்டு தொட்டி அல்லி, பக்கத்தில் 200 லிட்டர் நீல டிரம்மில் ஃபில்டர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தண்ணீரையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் அழுக்குப் போக அலசி வைக்கிறீர்கள். நாலாம் நாள் தண்ணீர் பச்சை. போன தடவை இரண்டு மீன் செத்தது.

மீன் செத்ததற்கும் தண்ணீர் பச்சையானதற்கும் அந்தக் கழுவல்தான் காரணம். இனிமேல் பிளீச்சிங் பவுடரைக் குளத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மீன் தன் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் அழுகிய இலையும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டால் பழுப்பாக, வழுவழுவென்று கையில் ஒட்டுகிறதே, அது வெறும் அழுக்கு இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, அல்லி அதை எடுத்துக்கொள்ளும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசினால் இந்தப் பாக்டீரியா செத்துப்போகும். திரும்ப முழுசாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். நம்மூர் வெக்கையில் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கலாம். நீங்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள். ஃபில்டர் வேலைக்குத் தயாராகிற நேரத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. பாக்டீரியா இல்லாத இடத்தில் அந்த அம்மோனியாவைப் பாசி தின்று கொழிக்கிறது. போர் தண்ணீராக இருந்தால் இன்னும் சிக்கல். பி.எச். (தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 8-ஐத் தாண்டத் தாண்ட அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகும். பச்சைத் தண்ணீரிலோ சாயங்காலத்தில் பி.எச். அதற்கு மேலும் ஏறும்.

நம் பக்கத்துக் கண்மாய்களை யாரும் கழுவியதில்லை. பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் தண்ணீர் திறந்துவிடும் மடையான குமிழித்தூம்பைப் பாருங்கள்: மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. பாசனத்துக்குத் தண்ணீர் போகும்போதே அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். கொல்லைக் குளத்துக்கும் இதே முறைதான். தண்ணீரை எப்போதும் அடியிலிருந்து எடுங்கள், கொஞ்சமாக எடுங்கள்.

முதலில் கணக்கு. 8 × 5 × 2.5 என்றால் 100 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 2,830 லிட்டர். நீர்மட்டம் ஒரு அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 94 லிட்டர் குறைந்திருக்கிறது. சுவரில் அழியாத பெயிண்டால் அங்குலக் கோடு போட்டுவிடுங்கள். மருந்து, உப்பு, குளோரின் நீக்கி எல்லாவற்றுக்கும் இந்தக் கோடுதான் அளவு. கூடவே இன்னொன்றும் தெரியவரும்: வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். உங்கள் குளம் மூன்று மீனுக்கானது. ஆறும் அரை அடி தாண்டி வளர்ந்ததும் பாதியைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை தீனியில் கை கட்டுப்பாடாக இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும்.

வாரம் ஒருமுறை அடியிலிருந்து 4 அங்குலம், அதாவது 375 லிட்டர் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். குளம் தரைக்குள் இருப்பதால் டியூப் வைத்து உறிஞ்சி இறக்க வழி இருக்காது. கழிவுநீர் இறைக்கிற கால் ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை ஒரு மூலையில் இறக்கி, நீளக் கைப்பிடி போட்ட மெத்தென்ற துடைப்பத்தால் சகதியை மெதுவாக அந்த மூலைக்குத் தள்ளுங்கள். மீன் உறிஞ்சப்படாமல் இருக்க மோட்டாரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். மோட்டார் ஓடும்போது கையோ காலோ தண்ணீரில் வைக்கவே கூடாது. குளத்து இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், இதில் காசு மிச்சம் பார்க்காதீர்கள். வெளியேறும் கறுப்புத் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். குளத்தில் உப்புப் போட்டிருக்கிற சமயத்தில் மட்டும் செடிக்கு விடாதீர்கள்.

ஆவியாகிக் குறைந்ததை நிரப்பிவிட்டு, தண்ணீர் மாற்றியாயிற்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பும் சுண்ணமும் உள்ளேயே தங்கி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். எடுத்துவிட்டு விட்டால்தான் மாற்றம். மட்டம் சந்தேகப்படும்படி குறைந்தால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, அதே வெயில் படும்படி குளத்து ஓரத்தில் வையுங்கள். இரண்டிலும் கோடு போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு.

புதுத் தண்ணீர் விடுவதில்தான் மீன் அதிகம் சாகிறது. மாநகராட்சித் தண்ணீராக இருந்தால் முந்தின நாளே ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸில் பிடித்து, மூடியைத் திறந்து, காற்று மோட்டார் போட்டு வையுங்கள். அவசரமென்றால் சோடியம் தயோசல்ஃபேட், மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கிடைப்பது. படிகமாக வாங்கினால் 1,000 லிட்டருக்கு 10 கிராம் போதும். ஒரு வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் ஆக்சிஜனும் குறைவு. ஷவர் மாதிரித் தெறித்து விழும்படி விடுங்கள். மதியம் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அந்தக் குழாய்த் தண்ணீர் கையையே சுடும். குளத்துக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை நல்ல நேரம். விடியுமுன் வேண்டாம், இரவெல்லாம் பாசி ஆக்சிஜனை இழுத்திருக்கும், மீன் அப்போதுதான் மிகவும் சோர்ந்திருக்கும்.

இனி ஃபில்டர். டிரம்மின் அடியில் ஒன்றரை அங்குல பால் வால்வு இல்லையென்றால் முதல் வேலையாக அதைப் பொருத்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, கால் மணி நேரம் படியவிட்டு, வால்வை முழுசாகத் திறங்கள். முதலில் டிகாஷன் மாதிரிக் கறுப்பாகப் பீறிடும், பிறகு பழுப்பு, பிறகு வெளிர் மஞ்சள். மஞ்சள் வந்ததும் மூடிவிடலாம். மொத்தம் பத்துப் பதினைந்து விநாடிதான். இதை ஒழுங்காகச் செய்தால் ஸ்பாஞ்சைத் தொடும் வேலை பாதியாகக் குறையும்.

வெளிவரும் தண்ணீரின் வேகம் குறைந்தாலோ, டிரம்மின் விளிம்பு வழியாக வழிந்தாலோ ஸ்பாஞ்சு அடைத்திருக்கிறது. அப்போதும் பாதியை மட்டும் எடுங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரே மொண்டு, அதில் அமுக்கி அமுக்கி நாலைந்து தடவை பிழியுங்கள். பிழிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்சு பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. மறுபாதி இரண்டு வாரம் கழித்து. பயோ பால் (பாக்டீரியா ஒட்டி வளர்வதற்கான பிளாஸ்டிக் உருண்டை), செராமிக் வளையம், 20 மி.மீ. சல்லி போன்றவை வருடத்துக்கு ஒரு தடவை வாளியில் முக்கி எடுத்தால் போதும். அவற்றை நைலான் வெங்காயப் பையில் கட்டிப் போட்டிருந்தால் பிடித்துத் தூக்குவது சுலபம். அப்படியே கொட்டிவைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை உள்ளே விட வேண்டியிருக்கும். ஸ்பாஞ்சு பிய்ந்துபோய் மாற்றும்போதும் பழையதில் ஒரு பாதியைப் புதியதோடு ஒட்டி ஒரு மாதம் வைத்திருங்கள். பாக்டீரியா புதியதற்குப் பரவிவிடும்.

பம்ப் நின்றுபோனால் எரிந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் சுண்ணம்தான். முன்மூடியைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றி, காந்தம் கோத்த இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரம்) நேராக வெளியே இழுங்கள். காந்தத்தின் மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படலம் இருக்கும், இறகில் பாசி நூல் சுற்றியிருக்கும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். கத்தியால் சுரண்டாதீர்கள், நடுவில் ஓடும் செராமிக் தண்டு சட்டென்று ஒடிந்துவிடும். தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மாட்டினால் கடகடவென்று சத்தம் போட்டு ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும். புதுப் பம்ப் வாங்கினால் மணிக்கு 3,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது உயரமே இல்லாத கணக்கு. நாலடி மேலே ஏற்றினால் சில பம்புகளில் பாதிதான் வரும். உங்களுக்கு டிரம்முக்குள் விழும் இடத்தில் 2,000 லிட்டராவது வர வேண்டும். 20 லிட்டர் வாளி 36 விநாடிக்குள் நிறைகிறதா என்று பாருங்கள்.

பலர் கவனிக்காதது கரண்ட். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாளில், டிரம்முக்குள் நிற்கும் தண்ணீரின் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே இழுத்துத் தீர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் தாண்டினால் அழுகல் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் நேராகக் குளத்துக்குள் பாய்ந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அன்றைக்குப் பம்பைப் போடுமுன் அடி வால்வைத் திறந்து டிரம்மைக் காலி செய்துவிடுங்கள். இந்த அளவு பம்புகளில் பல 60 வாட்டுக்குள்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டால் கவலையே இல்லை.

பெரிய சுத்தம் வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில். கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். முந்தின நாள் தீனி நிறுத்துங்கள். 250 லிட்டர் டப்பில் குளத்து மேல்தண்ணீரைப் பாதிக்கு மேல் மொண்டு, நிழலில் வைத்து, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் போடுங்கள். மேலே வலை கட்டாயம், கோய் துள்ளி வெளியே விழும். மீனை வலையில் தூக்காமல், வலையால் ஒதுக்கி ஒரு பேசினுக்குள் தண்ணீரோடு எடுத்து மாற்றுங்கள். சகதியைக் கிளறுமுன் மீன் வெளியே இருக்க வேண்டும். அடிச் சகதியில் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, கிளறினால் மீன் தாங்காது. பிறகு சகதி மோட்டாரால் ஒன்றரை அடி மட்டம் வரை இறைத்து நிறுத்துங்கள். 1,130 லிட்டர் போயிருக்கும், அதுவும் இருப்பதிலேயே மோசமான தண்ணீர். சுவரில் ஒட்டிய மெல்லிய பச்சைப் பாசியை விட்டுவிடுங்கள். நூல் நூலாகத் தொங்குவதை மட்டும் கையால் சுருட்டி எடுங்கள். அன்றைக்கு ஃபில்டரைத் தொடவே கூடாது. குளமும் ஃபில்டரும் ஒரே நாளில் என்ற பழக்கத்தை விட்டாலே உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மறுநாள் தீனி இல்லை. முதல், மூன்றாம், ஐந்தாம் நாட்களில் அம்மோனியா கிட்டில் பாருங்கள். 0.5 பிபிஎம் காட்டினால் உடனே 20 சதவீதத் தண்ணீர் மாற்றம்.

இத்தனைக்கும் பிறகு பச்சை நிற்காவிட்டால் வெயிலைக் குறையுங்கள். அல்லி இலை குளத்தின் பாதியையாவது மூட வேண்டும். அதுவரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் மாசி, பங்குனியில் இலையும் பிறகு பூவும் கொட்டும்போது அதே வலை உதவும். 11 வாட் யூவி (புறஊதா) விளக்கை ஃபில்டருக்குப் பின்னால் பொருத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளியும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இருக்கும், பாசியைக் கொல்லும் கதிர் குறைந்திருக்கும். எரியும்போது நேராகப் பார்க்காதீர்கள். மயில்துத்தம் போடச் சொன்னால் கேட்காதீர்கள். பாசி ஒரே நாளில் செத்து அழுகி ஆக்சிஜனைத் தீர்க்கும், செம்பு மீனையும் நத்தையையும் கொல்லும்.

பாசி தின்னும் என்று சக்கர் மீன் வாங்கி விடாதீர்கள். அது போடுகிற கழிவு அது தின்கிற பாசியைவிடத் தொந்தரவு. ஏற்கெனவே இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், கண்மாயிலோ வைகையிலோ விடாதீர்கள்; அங்கே நாட்டு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நிழலுக்காக ஆகாயத்தாமரை வளர்த்தால் அதற்கும் இதே எச்சரிக்கை. மிஞ்சியதை வெயிலில் காயப்போட்டு உரக்குழியில் தள்ளுங்கள், வாய்க்காலில் வீச வேண்டாம்.