பாட்டைப் பதிவேற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் குழுவில் பம்பை, உடுக்கை, சிலம்பு, இரண்டு குரல். சொந்தப் பாட்டை செல்போனில் பதிவு செய்தால் பம்பை விழும்போதெல்லாம் குரல் அமுங்கி, ஒலி கரகரக்கிறது. மைக் வாங்கியே ஆகவேண்டுமா? – வாசகர், குடியாத்தம்

இப்போதைக்கு வேண்டாம். குரல் அமுங்குவதற்குக் காரணம், போன் தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்குவது. பம்பை ஓங்கி விழுந்ததும் அது எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுகிறது. அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, கெய்னை, அதாவது மைக் ஒலியை எவ்வளவு ஏற்றிப் பதிகிறது என்ற அளவை, நாமே வைக்கக்கூடிய ரெக்கார்டர் செயலியைப் போடுங்கள். ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகவே பதியுங்கள். பாட்டிலேயே பலமான அடியை அடிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்தக் கரகரப்பைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய வழியே இல்லை. கெய்னைக் குறைத்தும் கரகரத்தால் போனின் மைக்கே திணறுகிறது என்று அர்த்தம். பம்பைக்காரரை எட்டு, பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

இதைவிட நல்ல வழி, தனித்தனியாகப் பதிவது. முதலில் தாளக் கருவிகள், பிறகு அதைக் காதில் கேட்டபடி குரல். இதற்கு ஒயர் உள்ள ஹெட்போன்தான் சரி; புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், பாடகர் தாளத்துக்குப் பின்தங்கிவிடுவார். போன், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதும்.

கான்கிரீட் அறையில் எதிரொலி வரும். பாடுபவருக்குப் பின்னால் ஜமக்காளமும் போர்வையும் தொங்கவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் பாடுவது கொடுமைதான். ஆனால் ஃபேன் சத்தத்தை மென்பொருளில் நீக்கினால் சிலம்பின் கிணுகிணுப்பும் சேர்ந்து போய்விடும். விடியற்காலையில் ஃபேனை அணைத்துவிட்டுப் பதியுங்கள். வெயில் ஏற ஏறத் தோல் இறுகி ஸ்ருதி உயரும் என்பதால், தாளக் கருவிகளை ஒரே அமர்வில் முடிப்பது முக்கியம். காலையில் அடித்ததையும் மதியம் அடித்ததையும் ஒட்டினால் ஒட்டு காதில் தெரியும்.

மெட்டு என்னுடையது, செயலியில் கிடைத்த ரெடிமேட் தாள லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டு) சேர்த்தேன். யூடியூபில் வேறொருவர் உரிமை கோருகிறார். வீடியோவை நீக்கிவிடவா? – வாசகி, ஆம்பூர்

நீக்காதீர்கள். இது கன்டென்ட் ஐடி உரிமைக்கோரல்; அதாவது, பதிந்து வைத்த பாட்டுகளோடு புது வீடியோவைத் தானாக ஒப்பிடும் யூடியூப் வசதி எழுப்பியது. சேனலுக்கே எதிரான எச்சரிக்கையான ஸ்டிரைக் வேறு. அதே லூப்பை வைத்த இன்னொருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார், உங்கள் பாட்டு அதோடு பொருந்திவிட்டது. லூப்பின் உரிம விதியைப் படித்து, அனுமதி இருந்தால் அதைக் குறிப்பிட்டு ஆட்சேபம் பதியுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கோரல் விலகும். நீங்களும் அந்தப் பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி கேட்காதீர்கள், இன்னொருவரை இதே சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். அடுத்த பாட்டுக்கு உங்கள் ஊர்க் கலைஞரையே அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒலியும் தனித்திருக்கும், உரிமையும் தெளிவாக இருக்கும்.

பழைய தெருக்கூத்து மெட்டில் நாங்கள் சொந்த வரி எழுதிப் பாடினால் யாருக்கு உரிமை? – வாசகர், செய்யாறு

வழிவழியாக வரும் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. இசையமைப்பாளர் இடத்தில் உங்கள் பெயரைப் போடாமல் ‘மரபு மெட்டு’ என்றே போடுங்கள். அந்த நேர்மையைக் கூத்து வாத்தியார்களுக்கு நாம் செலுத்தியே ஆகவேண்டும். வரிகளும் ஒலிப்பதிவும் உங்களுடையவை. ஆனால் மெட்டு ஒரு குறிப்பிட்ட வாத்தியார் கட்டியது என்றால், அவர் வாழ்நாளும் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அனுமதி தேவை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசை வேறு, பாடல் வரி வேறு. அதனால் வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவேற்றும் முன்பே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு பேசினால் குழு உடையும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு எதைத் தயாராக வைப்பது? – வாசகர், ராணிப்பேட்டை

வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப்படம். அட்டையில் போன் நம்பர் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பாட்டை இந்தத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் மூன்று, நான்கு வாரம் முன்னதாகக் கொடுங்கள். 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னால் விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால், அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை புதுப் பதிவுக்கு வராமல் போகலாம்.