ஆவணி மழையை நம்பி நெல் விதைக்கலாமா?

கேள்வி: பரமக்குடி பக்கம் 4 ஏக்கரில் மானாவாரி நெல் போடுகிறேன். போர்வெல் கிடையாது. ஆவணிக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. பக்கத்துக் காட்டில் விதைத்துவிட்டார்கள். விதைக் கடைக்காரரும் போன் மேல் போன் போடுகிறார். "இன்சூரன்ஸ் இருக்கே, கருகினாலும் காசு வரும்" என்கிறார். விதைக்கட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. இந்த ஈரத்தில் உழவை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள்.

பெய்தது வெப்பச்சலன மழை. பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலே போய், சாயங்காலம் இடியோடு கொட்டும். அடுத்த ஊரில் தூறல்கூட இருக்காது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையே கதி. அது தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20, அதாவது ஐப்பசி பிறந்த பிறகு. வயலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். மேலே நாலு விரல் ஈரமும் கீழே புழுதியுமாக இருந்தால், அது விதை முளைக்கப் போதும், பயிர் பிழைக்கப் போதாது.

புரட்டாசிப் பிற்பாதியில், மண் நன்றாகக் காய்ந்த பிறகு புழுதி விதைப்பாக, அதாவது காய்ந்த மண்ணில் விதைத்துப் பருவமழையில் முளைக்கும்படி, போடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் வீதம் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் ஆரம்ப வறட்சியைத் தாங்கும். ரகம், பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா 4. 100 முதல் 105 நாள். கடையில் தேங்கிய நீண்ட கால ரகத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மார்கழியோடு மழை போய்விடும் ஊரில் அது எப்படிக் கதிர் முற்றும்? நீல அட்டை உள்ள சான்று விதையாகப் பார்த்து, குவியல் எண் (லாட் நம்பர்) எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

கண்மாய்ப் பாசனம் உள்ளவர்கள் இப்போதே விதைக்கலாம். ஆனால் கண்மாயில் தண்ணீர் கிடப்பது வேறு, உங்கள் வயலுக்கு வருவது வேறு. மடைக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா, வாய்க்காலில் கருவேலம் மண்டியிருக்கிறதா, தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒருதரம் வரும் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஐப்பசிக்குள் இரண்டு தண்ணீர் நிச்சயம் என்றால் மட்டும் விதையுங்கள். கடைமடைக்காரர் தம்மை மானாவாரி என்றே வைத்துக்கொள்வது நல்லது.

காப்பீடு பற்றிக் கடைக்காரர் சொன்னது சுத்தப் பொய். மகசூல் இழப்பை ஊர்ச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முந்தி விதைத்து உங்கள் வயல் மட்டும் கருகி, ஊர் நன்றாக விளைந்துவிட்டால் ஒரு பைசா வராது. இந்தக் கணக்கு பல விவசாயிகளுக்குத் தெரிவதில்லை. அந்த இடத்தில்தான் இடைத்தரகர் புகுந்துகொள்கிறார். அடங்கலையும் வங்கிப் புத்தகத்தையும் அவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். புல எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் மாறினால் இழப்பீட்டுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்டும் பிரீமியப் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பொது சேவை மையத்தில் நீங்களே உட்கார்ந்து பதிந்து, கிராமம், புல எண், பரப்பு மூன்றையும் ரசீதில் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருங்கள்.

வட்டார அளவில் வானிலை சொல்லிவந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024-இல் மூடிவிட்டு, விவசாயியை வாட்ஸ்அப் வதந்தியிடம் விட்டார்கள். ஆனாலும் விவசாயிக்கு வானிலை சொல்லும் 'மேகதூத்' செயலி இருக்கிறது. விதைப்புக்கு முன் அதைப் பாருங்கள்.